மூன்றாவது தொட்டியின் நைட்ரேட்

மீன்தொட்டித் தண்ணீரில் கழிவால் நைட்ரேட் ஏறி மீன்கள் சோர்ந்துபோயிருந்தன. பிஷ்கெக்கில் எர்மெக் ஒரு தொட்டியின் ஃபில்டரில் எரிமலைக் கல்லைப் போட்டான். மனைவி நாஸ்குல் இன்னொன்றில் நைட்ரேட்டை உறிஞ்சும் ரெசின் மணிகளைப் போட்டாள். யார் அதிகம் குறைக்கிறார்கள் என்று பந்தயம்; தோற்றவர் சமைக்க வேண்டும். வாரக்கடைசியில் சோதனை செய்தபோது அவனுடைய சோதனைக் குழாய் நைட்ரேட் மிகுதியால் ரத்தச் சிவப்பானது, அவளுடையது ஆரஞ்சோடு நின்றது.

“தோத்துட்டே! இன்னிக்கு லக்மான் நூடுல்ஸ் நீதான் செய்யணும்!”

“இரு, மூலையில இருக்கிற பழைய தொட்டியையும் பாத்துடலாம்.”

அதில் ஃபில்டரே இல்லை. குளிர்காலத்தில் அல்தின் என்ற தங்கமீன் செத்தபின் யாரும் அதைத் தொடவில்லை. அதன் தண்ணீர் ஊற்றிய குழாயோ தெளிந்த மஞ்சளானது. துளி நைட்ரேட்கூட இல்லை.

குனிந்து பார்த்தார்கள். பாசிக்குள் அல்தின் நீந்திக்கொண்டிருந்தது.

“ஆப்பிள் மரத்தடியில பொதச்சியே?” என்றாள் நாஸ்குல்.

“நீயும்தானே கூட நின்னே!”

நாஸ்குலுக்குச் சிரிப்பு பொங்கியது. “பசிக்குமே பாவம், தீனியை எடு!”

அல்தின் வாய் திறந்து மேலே வந்தது. அதன் பின்னால் பொடிப்பொடியாய்த் தங்கக் குஞ்சுகள் கூட்டமாய்க் கிளம்பின.