உறைபனி விழாது என்றார்கள்

“வானிலை சொல்ற ஓரெஸ்ட் இருக்காரா?” கனடாவின் சஸ்காச்சுவானில், வானொலி நிலையத்துக்குப் போன் செய்த மார்லீனின் கையில் தோட்டத்து மண் ஒட்டியிருந்தது.

“ஓரெஸ்ட்தான் பேசறேன்.”

“ராத்திரி உறைபனி விழாதுன்னு நேத்து சாயங்காலம் ரேடியோவுல சொன்னது நீங்கதானே?”

“ஆமாம்மா. ரெண்டு டிகிரிக்குக் கீழ போகாதுன்னு...”

“போயிடுச்சு! நாற்பது பெட்டூனியாவும் வெந்த கீரை மாதிரி கறுத்துக் கிடக்கு. சனிக்கிழமை இதே முற்றத்துல பொண்ணு கல்யாணம்! விக்டோரியா நாள் லீவுக்கு முன்னாடி பூச்செடி நடாதேன்னு ஊரே சொல்லும். நான் லீவு முடிஞ்சும் ஒரு வாரம் பொறுத்துத்தான் நட்டேன்.”

“இந்தச் சஸ்காச்சுவான் மே மாசத்தை யாரும்மா கணிக்க முடியும்?”

“அப்போ எதுக்குச் சம்பளம் வாங்கறீங்க? அலமாரியில ஆறு பழைய படுக்கை விரிப்பு சும்மா கிடந்தது. எடுத்து மூடியிருப்பேனே! உங்க வீட்டுல தோட்டம் இருக்கா?”

“இருந்தது. அதுவும் கறுத்துப் போச்சு.”

“நல்லா வேணும்! உங்க பெண்டாட்டி உங்களைச் சும்மாவா விட்டா?”

“எங்க விட்டா? இப்போ போன்ல திட்டிக்கிட்டுத்தான் இருக்கா.”

மார்லீன் மூச்சு வாங்கினாள். ஓரெஸ்ட் குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து வீட்டுக்கு வந்ததும், ‘காத்து நின்னுபோச்சு, வானம் தெளிஞ்சிடுச்சு, எதுக்கும் விரிப்பைப் போட்டு மூடு’ன்னு உன்கிட்ட சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“அதுக்கு நீ என்ன சொன்னே?”

“‘உங்களுக்கு என்ன தெரியும், ரேடியோவுலயே விழாதுன்னு சொல்லிட்டாங்க’ன்னு சொன்னேன்,” என்றாள் மார்லீன், கோபம் கொஞ்சமும் குறையாமல்.