முகூர்த்தப் பட்டு யார் கடையில்?

"சாமுவேல் அண்ணா, உங்க கடைப் புடவை ஃபேன் காத்துக்கே பறக்குது. அதைக் கட்டிக்கினு முதலாளி பொண்ணு மணவறையில ஒக்காரணுமா?"

தேவிப்ரியா இப்படிக் கேட்டதும் மாடி அறையே சிரித்தது. சாமுவேல் விட்டுக்கொடுக்கவில்லை.

"உங்க கடைப் புடவையைக் கட்டினா பொண்ணு ஒக்காந்த எடத்துலருந்து எழுந்திரிக்கவே முடியாதும்மா. அவ்ளோ கனம்!"

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் இருக்கும் அந்த நான்கு பட்டுக் கடைகளுக்கும் முதலாளி ஒருவர்தான், கைலாசம். உள்ளூரில் அது தெரியாதவர் இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து வந்து, ஒரு கடையில் கோபித்துக்கொண்டு அடுத்த கடை ஏறுகிறவர்களுக்கு எங்கே தெரியும்? கடைக்குக் கடை பெயர் வேறு, பை வேறு, புடவையின் ரகமும் வேறு. ஒரு கடையின் டிசைன் இன்னொரு கடையில் தலைகாட்டினால் அந்த மேனேஜர் அன்றைக்குத் தொலைந்தார். நூலையும் ஜரிகையையும் மட்டும் கைலாசம் மொத்தமாக வாங்கி, தரம் பார்த்து, நாலு கடைக்கும் பிரித்துக் கொடுப்பார். மற்றபடி, "நல்லா போட்டி போடுங்கப்பா, ஆனா ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பியடிக்காதீங்க" என்பதுதான் அவருடைய சட்டம். இந்த மனுஷனுக்கு ஒரு தலைக்குள் எப்படி நாலு மூளை இருக்கிறது என்று அதில் ஒரு கடைக்கு மேனேஜரான தேவிப்ரியா பலமுறை வியந்திருக்கிறாள்.

அவருடைய ஒரே மகள் அபிநயாவுக்கு முந்தாநாள்தான் கல்யாணம் பேசி முடித்தார்கள். மேனேஜர்களைக் கடைக்கு ஒரு புடவையாக மாடிக்கு எடுத்துவரச் சொல்லியிருந்தார் கைலாசம். மாப்பிள்ளை யார், எந்த ஊர், என்ன வேலை என்று கேட்க மேனேஜர்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. யார் கடைப் பட்டு மணவறை ஏறும் என்பதுதான் அவர்களுக்குக் கல்யாணம்.

அதிலும் தேவிப்ரியாவுக்கு இது மானப் பிரச்சினை. அவள் கடையே முகூர்த்தப் பட்டுக்குப் பெயர்போனது. முதலாளி மகளே அங்கே எடுக்கவில்லை என்றால், எதிர்க்கடை கோதண்டபாணியின் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ரோட்டில் நின்று ஊருக்கே ஒலிபரப்பிவிடுவார்கள். கைலாசம் மூன்று முறை விலைக்குக் கேட்டும் கடையைத் தராத மனுஷர் அந்தக் கோதண்டபாணி.

கைலாசம் உள்ளே வந்ததும் பேச்சு அடங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு புடவையாக மடிப்பைக் கலைத்துப் பார்த்தார்.

"வெங்கடேசா, உன் கடைப் பட்டுப்பருத்தி நலங்குக்கு. மஞ்சத் தண்ணி பட்டாலும் பொண்ணு கவலைப்படாம ஒக்காருவா."

வெங்கடேசன் தலையாட்டினான்.

"சாமுவேலு, உங்களுது ரிசப்ஷனுக்கு. ராத்திரி முழுக்க நின்னுக்கினு இருக்கணும், லேசா இருந்தாதான் சரி. துளசிம்மா, உங்க கோயில் கரைப் புடவை மறுவீட்டுக்கு. அந்த வீட்டுப் பெரியவங்க கரையைத் தொட்டுப் பார்த்தாலே மதிப்பு தெரியும்."

எந்தக் கடையின் பலம் எங்கே என்று அவர் அளந்து வைத்திருந்தார். ஒருவர் முகமும் வாடவில்லை. மீதி இருந்தது தேவிப்ரியாவின் புடவை ஒன்றுதான்.

"தேவிம்மா, உன்னுது பெண் அழைப்புக்கு. கார்ல வந்து எறங்கறப்ப அந்த ஜரிகை ஜொலிக்கணும்."

அவள் ஓரடி முன்னால் வந்தாள். "அப்ப முகூர்த்தத்துக்கு, முதலாளி?"

"அது இதுல இல்லம்மா."

"ஊருக்கெல்லாம் முகூர்த்தப் பட்டு குடுக்கற கடை, உங்க பொண்ணுக்கு ஆகலையா? எதிர்க்கடையில கைகொட்டிச் சிரிப்பாங்க!"

"இந்த ரோஷம் இருக்கறதாலதாம்மா உன் கடை நிக்குது" என்று கைலாசம் சிரித்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. டெய்லி உன் கடைக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வர்றவங்க யாரு? பொண்ணு வீட்டுக்காரங்களா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா?"

"மாப்பிள்ளை வீட்டுக்கா..."

தேவிப்ரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகூர்த்தத்துக்குக் கட்டும் கூரைப்புடவையை எடுப்பது மாப்பிள்ளை வீட்டாரின் உரிமையல்லவா! அதை விற்றே பிழைக்கிற நால்வரும் ஒட்டுமொத்தமாக மறந்துபோயிருந்தார்கள். முதலில் சிரித்தவர் சாமுவேல்தான்.

"நான் எந்தக் கடையில எடுத்தாலும் மத்த மூணு கடைக்கும் மனசு கஷ்டம். நல்ல வேளை, இப்படி ஒரு வழக்கம் இருக்குது, நான் தப்பிச்சேன்" என்றார் கைலாசம்.

இப்படியும் யோசிப்பாரா ஒரு மனுஷர் என்று தேவிப்ரியாவுக்குச் சொல்ல முடியாத பெருமையாக இருந்தது. உடனே வியாபார மூளையும் விழித்துக்கொண்டது.

"அப்ப மாப்பிள்ளை வீட்டாரை நம்ம கடைக்குக் கூட்டினு வாங்க முதலாளி. நான் காட்டற விதத்துல காட்டி எடுக்க வெச்சுடறேன்."

"லேட்டும்மா. எடுத்துட்டாங்களாம். கலர் காட்டறதுக்கு இப்ப வந்துக்கினு இருக்காங்க."

"யார் கடையில எடுத்தாங்க முதலாளி?"

அவர் பதில் சொல்வதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கைலாசம் கும்பிட்டபடி எழுந்து வாசலுக்கே போய்விட்டார்.

"வாங்க, வாங்க சம்பந்தி!"

தேவிப்ரியா திரும்பிப் பார்த்தாள்: முகூர்த்தப் பட்டைத் தன் கடைப் பையிலேயே போட்டு எடுத்துக்கொண்டு, மனைவியோடு வாசலில் நின்றிருந்தார் கோதண்டபாணி.