பானெட்டைத் திற, ஐலா

ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டி தப்பிவிடும். சொல்ல மாட்டேன் என்றிருந்தாள் ஐலா.

ஹெல்மெட்டைக் கழற்றி, தன் கையாலேயே மஞ்சள் பெயின்ட் அடித்த காரின் பானெட்டின் மேல் வைத்தாள். காயானி ஊரின் மண் பந்தயத் தடத்தில் மூன்று வருடமாக ஜெயித்துவந்த ரெய்மோவை இன்றுதான் முந்தியிருந்தாள். அவன் காப்பிக் கோப்பையோடு எதிரே வந்து நின்றான்.

"பானெட்டைத் திற, ஐலா. ரேடியேட்டர் அலுமினியம்தானே?"

"ஏன், செம்பா இருக்கக் கூடாதா?"

"செம்பா? சூட்டை நல்லா வாங்கும், ஒத்துக்கறேன். ஆனா கனம்! அதைச் சுமந்துக்கிட்டு வளைவுல இப்படித் திரும்ப முடியுமா? என்னோடது புத்தம்புது அலுமினியம். அதுவே மூணாவது சுத்துல கொதிச்சுப்போச்சு."

"என் பின்னாடியே வந்தே இல்ல? நான் வீசின சேறு அடைச்சிருக்கும்."

பக்கத்தில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ரெய்மோவின் காது சிவந்தது.

"உள்ள என்னமோ வச்சிருக்கே."

"உள்ள நான்தான் இருந்தேன்."

"அப்படியா? வண்டியைக் கேட்டு எழுதிக் கொடுத்துடுவேன். அப்புறம் அழாதே."

பின்லாந்தில் இந்தப் பந்தயத்துக்கு ஒரு விதி உண்டு. ஓடிய எந்த வண்டியையும், ஓட்டியவர்களில் யார் வேண்டுமானாலும் விதியில் குறித்த ஒரே விலைக்கு வாங்கக் கேட்கலாம். தர மறுத்தால் பந்தய லைசென்ஸ் போய்விடும். அடுத்த ஞாயிறு இறுதிப் போட்டி. ஐலாவிடம் வேறு வண்டி இல்லை.

இப்போதுகூடச் சொல்லிவிடலாம். வண்டி மிஞ்சும். ஆனால் ஜெயத்தை அவன் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வான் என்று அவளுக்குத் தோன்றியது.

"எழுதிக் கொடு," என்றாள்.

அரை மணியில் வண்டி அவனுடையதானது. ஆசையாகப் பானெட்டைத் தூக்கியவன், குனிந்து பார்த்துவிட்டுப் படாரென்று சாத்தினான்.

"என்ன ரெய்மோ, உள்ள என்ன இருக்கு?" என்று தூரத்திலிருந்து குரல்கள் கேட்டன. எல்லோரும் எழுந்து வந்துகொண்டிருந்தார்கள்.

அவன் குரல் இறங்கியது. "ஐலா, அலுமினியம்னே சொல்லிடு. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

ஐலா மறுத்துத் தலையசைத்தாள். பானெட்டை மறுபடி தூக்கினாள்.

உள்ளே பழைய செம்பு ரேடியேட்டர். அதில் ஓட்டையை அடைத்திருந்த ஈயப் பற்றுக்குப் பக்கத்தில் ஆணியால் கீறியிருந்த பெயர், ரெய்மோ! நாலு வருடம் முன்பு, 'இந்தச் செம்பை வச்சுக்கிட்டு எவனாலயும் ஜெயிக்க முடியாது' என்று அவனே பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்ட வண்டி அது.