வால் தேடிய திருடன்

இங்கிலாந்தை ஆங்கிலோ-சாக்சன் ராஜாக்கள் ஆண்ட காலத்தில், ஒரு கோயிலின் வெள்ளிச் சிலுவையில் செதுக்கிய இரண்டு பாம்புகள் பின்னிக் கிடந்தன. தட்டான் போட்ட பின்னலில் எது யார் வால் என்று அவற்றுக்கே தெரியாது.

பாதிரியார் சாப்பிடப் போன நேரம், சிலுவையை உருக்கி விற்கத் திருடன் ஒருவன் வந்தான். மூத்த பாம்பு இளையதிடம் கிசுகிசுத்தது.

"தம்பி, கடிச்ச வாலை விட்டுடாதே! பின்னல் பிரிஞ்சிடும்."

"இது யார் வால், அண்ணே?"

"எனக்கு வலிக்கலை. உன்னோடதுதான்."

"எனக்கும் வலிக்கலையே!"

"இருங்க, நான் பார்த்துச் சொல்றேன்" என்று திருடன் மண்டியிட்டான். பின்னல் வழியே விரலை ஓட்டினான். விரல் சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்தது.

திரும்பி வந்த பாதிரியார், சிலுவையைத் தடவி முணுமுணுத்தவனைக் கண்டு உருகிப்போனார். இப்படியொரு பக்தனா! அன்றே அவனைக் கோயில் காவலுக்கு வைத்துக்கொண்டார்.

இன்னும் தினமும் தேடுகிறான்.

"தம்பி, இன்னிக்கு ரொம்பக் கிட்டே வந்துட்டான்" என்றது மூத்த பாம்பு. "யாரோடதோ, அந்த வாலைக் கொஞ்சம் உள்ளே இழு!"