ஆறாவது கருவி

"ஜூலை 16, புதன். இன்று ஒரு சிறு தவறு. யாருடையது என்று கேட்காமலேயே ஒரு கருவியைத் தடுத்துவிட்டேன்."

மாலை வகுப்புக்குக் கிளம்பும் முன், மாசாய் நகரில் தன் வாடகை அறையில் உட்கார்ந்து விஜிதா இதை எழுதினாள்.

ஹாரூனின் சரக்கு அலுவலகத்தில் மாதக்கணக்காக இணையம் ஊர்ந்துகொண்டிருந்தது. "வெள்ளிக்குள்ள சரியாகலன்னா வேற ஆள் பாத்துக்குவேன் லா," என்று, அங்கே கணினி வேலை பார்க்கும் அவளிடம் அவர் சொல்லியிருந்தார். அங்கே இருப்பவை ஐந்து கருவிகள். ரவுட்டரின் பட்டியலில் ஆறு இருந்தன. பெயரில்லாத அந்த ஆறாவதுதான் முக்கால்வாசி இணையத்தையும் இழுத்துக்கொண்டிருந்தது. தான்தான் தப்பாக எண்ணிவிட்டோமோ என்று, தன் கணினியைத் தவிர மற்ற நான்கையும் அணைத்துப் பார்த்தாள். அந்த ஆறாவது அணையவில்லை. கடவுச்சொல்லை மாற்றினாள். புதியதை யாரிடமும் சொல்லும் முன்பே அது திரும்பி வந்தது. கடைசியில் அதன் அடையாள எண்ணைத் தடுத்தாள்.

"அலமாக், பறக்குதும்மா! இனி உன்னை யாரு அனுப்புவா?" என்று ஹாரூன் சிரித்தார்.

இப்போது அறையில் இணையம் ஊர்ந்தது. அவள் தனியாகத்தான் இருக்கிறாள். இருப்பது ஒரே கைப்பேசி. அறை ரவுட்டரின் பட்டியலில் இரண்டு இருந்தன. இரண்டாவது, மதியம் அவள் தடுத்த அதே எண். ரவுட்டருக்கு நெருக்கமான கருவிக்குத்தான் சிக்னல் கோடுகள் நிறையும். அவளுக்கு மூன்று கோடுகள். அதற்கு நான்கு.

ரவுட்டர் கட்டிலுக்கடியில் இருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. காலைத் தூக்கி நாற்காலியில் மடக்கிக்கொண்டு எழுதினாள்:

"நாளை: எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போய், அதன் தடையை நீக்க வேண்டும்."