அப்டேட் நாள் குழம்பு

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சீலா மீன் குழம்பு வாசனை வந்தது. அருள்தாசனுக்கு உள்ளே போகவே தயக்கமாக இருந்தது.

அவர் நெஞ்சுக்குள் இதயத்தை ஓட்டும் கருவிக்கு அவ்வப்போது அப்டேட் வரும். வேண்டாமென்று சொல்ல வழியில்லை. அதே கருவி வைத்திருந்த எதிர்வீட்டு மரியராஜுக்கு அப்டேட் பாதியில் நின்றது. அவர் இதயமும் நின்றது. "மனுசன் வெறும் பழைய சோத்தத் தின்னுட்டுப் போயிட்டாரே" என்று அவர் மனைவி அழுததைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து, அப்டேட் வரும் நாளெல்லாம் ஜெபசெல்வி கணவனுக்குப் பிடித்த சீலா மீன் குழம்புதான் வைக்கிறாள். காரணத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

"என்ன, அங்கேயே நின்னுட்டீய?"

"இன்னைக்குமா? போன வாரந்தான வந்துச்சு."

"அப்டேட்டெல்லாம் ஒண்ணுமில்ல. இன்னைக்கு நம்ம கல்யாண நாளு. மறந்துட்டீயளா? கையக் கழுவிட்டு வாங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். சோற்றில் குழம்பை ஊற்றி, நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள் ஜெபசெல்வி.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு" என்று வலக்கையால் பிசைந்து சாப்பிட்டார். இடக்கை மட்டும் கடைசிவரை நெஞ்சைவிட்டு இறங்கவே இல்லை.