உடையப்பனின் பிரசாரம்

“என் வெற்றிக்கெல்லாம் காரணம் கோலா சிலாங்கூர் உடையப்பண்ணன்தான். அவரைப் போய்ப் பாருங்க” என்று புதிய துணையமைச்சர் சேது பேட்டியில் சொல்லிவிட்டார். அதனால்தான் நிருபர் உஷாராணி காலையிலேயே உடையப்பன் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

“சேது சொன்னது உண்மைதாம்மா,” என்றார் உடையப்பன், முகமெல்லாம் பூரிப்பாக. “மொதல்ல தோட்டத்துக் கோயில் தலைவர் தேர்தல். அப்புறம் சட்டமன்றம். அப்புறம் நாடாளுமன்றம். மூணுலயும் களத்துல எறங்குனேன். தோட்டம் தோட்டமா அலைஞ்சேன். ஒவ்வொரு தடவையும் தொண்ட கட்டிப் போச்சு.”

“மேடையிலயும் பேசுனீங்களா சார்?”

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி புஷ்பவள்ளி முந்திக்கொண்டாள். “மைக் கெடச்சா விடுவாரா? இவரு பேசப் பேசத்தான் சனங்க முடிவு பண்ணுச்சுங்க, ஓட்ட சேதுவுக்கே போட்டுடலாம்னு.”

உடையப்பன் அதை மறுக்கவில்லை. பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி சிரித்துக்கொண்டார்.

‘துணையமைச்சருக்குப் பிரசாரப் பீரங்கியாக இருந்தவர்’ என்று உஷாராணி எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. துணையமைச்சரே இறங்கி வந்தார். காலையில் தமக்குப் போட்ட பொன்னாடையை எடுத்து உடையப்பன் தோளில் போர்த்தினார்.

“அண்ணே, அடுத்த தேர்தல்லயும் என்னை எதிர்த்து நீங்களேதான் நிக்கணும். வேற ஆளு வந்தா எனக்குக் கஷ்டம் லா.”